புதன்கிழமைப் புகை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஊரில் பாதிப் பேரின் முகம் அத்துப்படி. யாருக்கு இடது காது கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, யாருக்கு மூக்குத்தண்டு கோணல், யார் பல் தேய்க்காமலே கடைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, கருவிழிக்கும் கருவிழிக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் வேலை. "காதுக்குப் பின்னாடி அழுத்துதா? மூக்குல நழுவுதா? குனிஞ்சு நிமிருங்க, பாக்கலாம்." கட்டிய மனைவிகூட அவ்வளவு கிட்டத்தில் வந்து அவ்வளவு அக்கறையாக விசாரிக்க மாட்டாள். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் அழகைத் தானே பார்த்துத் திருப்திப்பட்டதும் அந்த முகம் எழுந்து போய்விடும். கண்ணாடிமேல் உட்கார்ந்து அதை உடைக்கும்வரை அவள் ஞாபகம் யாருக்கும் வராது.

அவள் குடியிருந்த அடுக்குமாடியில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று துருவுகிறவர்களுக்குச் சொல்ல அவளிடம் பெரிய காவியம் எதுவும் கிடையாது. முதலில் தம்பியைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. அவன் படித்து முடித்துக் கடல் தாண்டிப் போனபிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் வயசு அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே போதும், படுக்கையறையிலிருந்து இருமல் கிளம்பிவிடும். பல்லும் போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் பல வருஷங்களாக வறுவல், பொரியல், தாளிப்பு எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் வேகவைக்க வேண்டும், குழைய வைக்க வேண்டும், மசிக்க வேண்டும். அம்மாவுக்குச் செய்ததையே இவளும் சாப்பிட்டாள். ஒரு ஆளுக்குத் தனியாகச் சமைப்பானேன் என்ற சோம்பல்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில் அது பாசம். சொல்ல வெட்கப்பட்டாள், அவ்வளவே.

அம்மா போய் எல்லாம் முடிந்து ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் சொன்னான். "அக்கா, இப்பவாவது உனக்குப் பிடிச்சதைச் செஞ்சு சாப்பிடு."

"சரிப்பா" என்று போனை வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எந்த எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அவளிடம் அப்படி யாராவது கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமைகளில் கடைக்குக் கண் டாக்டர் வரமாட்டார். அன்றைக்குக் கூட்டமும் இருக்காது, சீக்கிரம் சாத்திவிடுவார்கள். அப்படியொரு புதன்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள் கறிக்கடை முன்னால் நின்றுவிட்டாள். கடைக்காரன் இளைஞன், கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"டக்குனு செய்யற மாதிரி என்ன இருக்கு?"

"எத்தனை பேருக்குக்கா?"

"ஒரு ஆளுக்கு."

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு மாட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து எலும்பில்லாத துண்டு ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டான். "ஸ்டேக் போடற கறி. இத வாய்க்குப் போற சைஸுக்கு வெட்டிக்கங்க. நாரு ஓடற பக்கமா வெட்டாதீங்க, குறுக்க வெட்டுங்க. சட்டி நல்லாக் காயணும். போட்டதும் கிண்டாதீங்க. அவ்வளவுதான், காபி போடற நேரம்கூட ஆகாது."

முதல் தடவை சொதப்பிவிட்டாள். ஈரத்தைத் துடைக்காமல், எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாகச் சட்டியில் கொட்டினாள். தண்ணீர் விட்டுக்கொண்டு கறி கொதித்தது. சாம்பல் நிறத்தில், ரப்பர் மாதிரி. அம்மாவுக்கு வேகவைத்துப் பழகிய கை, வேறென்ன செய்யும்? மறுவாரம் கனமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கினாள். துண்டுகளைத் துணியில் ஒற்றியெடுத்தாள், உப்பும் மிளகும் போட்டாள், சட்டியை அடுப்பில் ஏற்றிக் காத்திருந்தாள். நல்லாக் காயணும் என்றுதானே சொன்னான். காய்ந்தது. எண்ணெயை விட்டதும் குப்பென்று புகை கிளம்பியது. கறியைப் போட்டாள். சுர்ர் என்ற அந்தச் சத்தத்தில் ஒரு நிமிஷம் சொக்கிப்போய் நின்றாள். அந்த வீடு அப்படியொரு சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

அடுத்து இன்னொரு சத்தம் கேட்டது. சமையலறை வாசலுக்கு மேலே வெள்ளையாய் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுதான் புகை அலாரம். குடிவந்த நாளிலிருந்து வாயைத் திறக்காத அது, காதைப் பிய்த்துக்கொண்டு அலற ஆரம்பித்தது. அதோடு இணைந்த வெளி மணி வீடுகளுக்கு இடையிலான நடையில் அடித்தது, மேல் மாடியிலும் அடித்தது. கதவுகள் திறந்தன. செருப்புச் சத்தங்கள் கேட்டன. எதிர்வீட்டிலிருந்து டிரில் மாஸ்டர் துடைப்பத்தோடு பாய்ந்து வந்தார்.

அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. மனைவி இறந்து அதைவிட நாளாகிவிட்டது. மகள் வெளியூரில். விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை, மற்றபடி அப்படியேதான் இருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட வரிசையாக நிற்கச் சொல்கிற ஆள்.

"விலகுங்க" என்றார். துடைப்பத்தின் அடிக்கட்டையால் அலாரத்தின் பொத்தானை அமுக்கினார். அது வாயை மூடியது. ஜன்னல்களைத் திறந்தார். வெளியே எட்டிப் பார்த்து, "நெருப்பு இல்ல, புகைதான். எல்லாரும் உள்ள போங்க" என்று நடை முழுவதற்கும் உத்தரவு போட்டார். செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே சட்டியைப் பார்த்தார்.

"இதென்ன, கருகிடுச்சா?"

"இல்ல மாஸ்டர். இப்படித்தான் இருக்கணுமாம்."

"அப்படியா? பார்த்துடலாம்."

நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய தட்டில் இன்னும் சில துண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். புகை போகிறவரை இருந்தார். புகை போனபிறகும் கொஞ்ச நேரம் இருந்தார். ஓட்டப்பந்தயத்தில் பாதி வழியில் நின்று ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் போனபிறகு பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு தட்டுகள் கிடந்தன. இரண்டையும் கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.

அதற்கடுத்த வாரமும் புகைந்தது, அதுவும் தற்செயல்தான். அவர் வந்தார், அலாரத்தை அணைத்தார், சாப்பிட்டார். பிறகு அவளுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்து, புகை இழுக்கும் காற்றாடியைப் போட்டு, எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் கறியிலேயே தடவிப் போட்டால் பெரிதாகப் புகை வராது. அப்படிச் செய்தாள். கறி பிரமாதமாக வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. அலாரம் அடிக்கவில்லை. யாரும் வரவில்லை. நல்ல கறி, நல்ல தட்டு, எதிரே காலி நாற்காலி. சாப்பிட்டு முடித்து, கடையில் எவரிடமாவது கேட்பதுபோல, "நல்லாருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். குளிர்பெட்டி உறுமியது.

அடுத்த புதன்கிழமை ஜன்னல் சாத்தியே இருந்தது. கை மறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அந்தச் சமாதானத்தையும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், காற்றாடியை நிறுத்தினாள், சட்டியை ஏற்றினாள். கறியைப் போடுவதற்கு முன்பே இரண்டு தட்டுகளைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

உடனே காதல் கீதல் என்று யாரும் கற்பனைக் குதிரையைத் தட்டிவிட வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். எதிரே உட்கார்ந்து ஒருத்தர் மெல்ல வேண்டும், உப்பு தூக்கல் என்று குறை சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு வேளை. அதற்கு ஒரு மனிதரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நடையில் அவரைப் பார்க்கும்போது நுனி நாக்குவரை வரும். அப்புறம் "மழை வரும்போல இருக்கு மாஸ்டர்" என்று வேறொன்றாக வெளியே வரும். தம்பியிடம் எதுவும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே, வேண்டும் என்று சொல்ல அவள் வாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

புதன்கிழமைகள் இப்படியே ஓடின. மாஸ்டர் இப்போதெல்லாம் துடைப்பத்தை வாசலிலேயே சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பூண்டை நசுக்கிக் கடைசியில் வெண்ணெயோடு போட்டால் நன்றாக இருக்கிறது என்றார். கறியைச் சட்டியிலிருந்து எடுத்ததும் சாப்பிடாமல் கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்று அவள் சொன்னபோது, "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று கறிக்கு டிரில் உத்தரவு போட்டார். அந்த ஜோக்குக்கு அவரே சிரித்தார். அதைவிட மொக்கையான ஜோக்கை அவள் கேட்டதில்லை. வாரம் பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஆனால் அலாரம் ஒருவருக்காக மட்டும் அடிப்பதில்லையே. மேல் மாடியில் முட்டிவலிக்கார அம்மா ஒருத்தி இருந்தாள். மணி அடிக்கும்போது லிஃப்டில் ஏறக்கூடாது என்று சட்டம். ஆகவே அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முனகிக்கொண்டே இறங்கினாள். கீழே போய்ச் சேர்வதற்குள் ஒன்றுமில்லை என்று செய்தி வரும். திரும்ப ஏறுவாள். கண்ணாடியம்மாவுக்கு அந்த முனகல் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவாள். இரவில் படுக்கும்போது மனசு உறுத்தும். புதன்கிழமை வந்தால் மறுபடி ஜன்னலைச் சாத்துவாள். நல்லவள்தான், ஆனால் தனிமை நல்லவர்களையும் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர்களாக ஆக்கிவிடுகிறது.

கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூடியது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். செகரட்டரி அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"வாரா வாரம் இதே கூத்து. மேல்வீட்டம்மா காலு என்ன ஆகறது? அந்த வீட்டுல அடுப்பே பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்லிடலாமா?"

"சமைக்கத் தெரியலன்னா வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள்.

கண்ணாடியம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவளுக்குப் பதிலாக டிரில் மாஸ்டர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம். அவங்க மேல தப்பு இல்ல. நான் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்திருக்கேன். அலாரத்தைக் கொண்டுபோய் அடுப்புக்கு நேரா வெச்சவன் மேலதான் தப்பு. யாரும் எதுவும் பேச வேணாம். நான் மாத்திக் குடுக்கறேன்."

மாஸ்டர் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. கூட்டம் கலைந்தது. சொன்னபடியே செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வட்டத்தைக் கழற்றி, வேறு மாதிரி ஒன்றைக் கூடத்து உத்தரத்தில் மாட்டினார்கள். "இது புகைக்கு அடிக்காதும்மா, நெருப்புச் சூட்டுக்குத்தான் அடிக்கும்" என்று எலெக்ட்ரீஷியன் விளக்கினான். மாஸ்டர் கையைத் தட்டித் தூசியை உதறினார்.

"இனிமே நீங்க பாட்டுக்கு நிம்மதியா சமைக்கலாம். தொந்தரவே இல்ல."

"ரொம்ப தேங்க்ஸ் மாஸ்டர்" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. கறிக்கடைக்காரன் கேட்காமலே வழக்கமான துண்டை எடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டு வந்தாள். குறுக்கே வெட்டினாள், துணியில் ஒற்றினாள், உப்புப் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். அடிக்காது என்று தெரிந்தும் சாத்தினாள். சட்டியை எப்போதையும்விட அதிகமாகக் காய வைத்தாள். கறி விழுந்ததும் புகை மேலே ஏறிக் கூடத்துக்குப் பரவியது, சோபாவை மறைத்தது. கண் எரிந்தது, இருமினாள். அம்மா இருந்தால் இந்நேரம் உயிரை விட்டிருப்பாள். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புது அலாரம் சின்னப் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

நடையில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அன்றைக்குப்போல் கறி என்றைக்கும் வந்ததில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரே மாதிரி சிவந்து, ஓரம் முறுகி, பூண்டும் வெண்ணெயும் மினுமினுக்க இருந்தது. தட்டில் வைத்து ஆறவிட்டாள். உட்கார்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். அழுகை வந்துவிட்டது. அம்மா செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்றைக்குக் காபி போடவும், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடவும் வேலை இருந்தது. இப்போது எந்த வேலையும் இல்லாததால் நன்றாக அழ முடிந்தது. மூக்கைச் சிந்தினாள், முகம் கழுவினாள். பிறகு, யோசித்தால் மனசு மாறிவிடும் என்ற பயத்தில், தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

மாஸ்டர் கதவைத் திறந்தார். அவள் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? அலாரம் அடிக்கலையே?"

"அடிக்கல."

"அப்புறம்?"

"ஜன்னல நான்தான் சாத்தி வெச்சேன் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும். வேணும்னே."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது. "மேல்வீட்டம்மா அந்தக் காலை வெச்சிக்கிட்டு இறங்கி வந்தாங்களே."

"தெரியும். நாளைக்குப் போய் அவங்ககிட்டயும் சொல்லணும்."

"தெரிஞ்சே செஞ்சீங்களா? எதுக்கு?"

"தனியா சாப்பிட முடியல. மணி அடிச்சா நீங்க வருவீங்க."

மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தியே காலம் தள்ளிய மனிதர் குரலைத் தாழ்த்தினார். "கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் நின்று நிதானமாக யோசித்தார்.

"மாட்டேன்" என்றார். "ஒண்டியா இருக்கற பொம்பள வீடு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மணி அடிச்சா போறதுக்கு யாரு என்ன சொல்ல முடியும்? அதனால நானும்..." நிறுத்திக்கொண்டார். பிறகு சொல்லிவிட்டார். "புதன்கிழமைன்னா சாயங்காலமே டிவிய அணைச்சிட்டுத்தான் உக்காந்திருப்பேன். சத்தம் கேக்காம போயிடக் கூடாதேன்னு."

தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் மாஸ்டர் அதப் போய் மாத்தினீங்க?"

"கீழ எல்லாரும் சேர்ந்து உங்களைப் பேசினாங்க. நீங்க தலையக் குனிஞ்சிட்டு உக்காந்திருந்தீங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

நடையின் கோடியில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. செகரட்டரி அம்மா குப்பைப் பையோடு வெளியே வந்தவள், இவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். குப்பையைப் போட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

கண்ணாடியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, நடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மாஸ்டர், சாப்பிட வாங்க."

அவர் செகரட்டரி அம்மா பக்கம் ஒருமுறை பார்த்தார். காது நுனி சிவந்துவிட்டது.

"வர்றேன்" என்றார். அவருக்கும் சத்தமாகத்தான் வந்தது.